கடல் கடந்த திருமணமும் விசா விண்ணப்பமும்

எமது கிராமங்களில் ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் பொருந்திவிட்டால், கலியாண நாளோடு பெற்றோரின் கவலை தீர்ந்துவிட்டதென்று ஊர் பேசும். உண்மையில் அன்றுதான் இன்னொரு கவலை தொடங்குகிறது. மணமகன் கனேடியப் பிரசை. மணமகள் இலங்கைப் பிரசை. இவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு ஓர் அரசாங்கம் அனுமதி தரவேண்டும். அந்த அனுமதியைத் தரும் அதிகாரி இவர்களைக் கண்டதில்லை, இவர்களது ஊரை அறிந்ததில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு கோவை மட்டுமே. அந்தக் கோவை பேசுவதுதான் அவருக்குத் தெரிந்த திருமணம்.

1983இன் பின் எமது மக்கள் உலகெங்கும் சிதறியதால், இத்தகைய திருமணங்கள் இன்று விதிவிலக்காக அன்றி வழமையாகிவிட்டன. பலர் சில மாதங்களில் துணையோடு சேர்ந்துவிடுகின்றனர். சிலரோ வருடக் கணக்கில் காத்திருக்கின்றனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களும் உள்ளனர். இவர்களுள் பொய்த் திருமணம் செய்தவர்கள் ஒருபுறமிருக்க, உண்மையாகவே மணம்முடித்து, அந்த உண்மையைத் தாளில் ஒழுங்காக வைக்கத் தவறியவர்களும் இருக்கின்றனர். இப்பாடம் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. திருமண ஆயத்த வகுப்புகளிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் இதனை வாசித்துக் கலந்துரையாடலாம்.

கனடாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிரித்தானியாவும் ஜேர்மனியும் எங்கே வேறுபடுகின்றன என்பதை இறுதியில் பார்ப்போம். கட்டணங்களும் படிவங்களும் அடிக்கடி மாறுவன. ஆகையால் விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் இணையத்தளத்தில் அன்றைய அறிவுறுத்தலைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

1. அதிகாரி எதைத் தேடுகிறார்?

கனேடியக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவு அதிகாரியிடம் இரண்டு கேள்விகளைக் கொடுக்கிறது. இத்திருமணம் பிரதானமாகக் குடிவரவு நன்மையைப் பெறுவதற்காகச் செய்யப்பட்டதா? இது உண்மையான உறவுதானா? முன்னர் இவ்விரண்டும் தம்பதியருக்கு எதிராக இருந்தால்தான் விண்ணப்பம் மறுக்கப்படும். 2010 செப்டெம்பருக்குப் பின் ஒன்று எதிராக இருந்தாலே போதும். நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியுடையதல்ல, தம்பதியருடையது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 'மாப்பிள்ளைக்குச் சம்பளம் போதாது, அதனால் கூப்பிட முடியாது' என்று பலர் சொல்லக் கேட்கிறோம். கியூபெக் மாகாணம் தவிர்ந்த கனடாவில், வாழ்க்கைத் துணையை மட்டும் அழைப்பவருக்குக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. ஆனால் அங்கவீனம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவிப் பணம் பெறுபவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மேலும், துணைக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த நாளிலிருந்து 3 வருடங்களுக்கு அவரைப் பராமரிப்பேன் என்று ஸ்பொன்சர் செய்பவர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். இடையில் மணமுறிவு ஏற்பட்டாலும் அந்த உறுதி அவரை விட்டுப் போகாது.

ஆகவே கோவையின் நெஞ்சாக இருப்பது பணமல்ல, உறவின் உண்மை.

2. நிச்சயிக்குமுன் கேட்க வேண்டியவை

வீடு பார்க்கிறோம், குலம் பார்க்கிறோம், தொழில் பார்க்கிறோம். கீழ்வருவனவற்றையும் கேட்பது மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தேகிப்பதாகாது. தாலி ஏறிய பின் கேட்டுப் பயனில்லை.

முதலாவது: அவருக்கு முன்னர் திருமணம் நடந்ததா? நடந்திருந்தால் அது சட்டப்படி முடிவுக்கு வந்துவிட்டதா? 'பிரிந்து இருக்கிறோம்' என்பது விவாகரத்து அல்ல. எமது மக்களிடையே இன்னொரு குழப்பமும் உண்டு. திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாதது என்று தீர்ப்பளித்தாலும், நாட்டுச் சட்டத்தின்படி அத்திருமணம் நிலைத்தே இருக்கும். இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான திருமணத்தை நீதிமன்றமே கலைக்க முடியும். மறுதலையாக, நீதிமன்ற விவாகரத்து மட்டும் கத்தோலிக்கர் ஒருவர் மீண்டும் கோவிலில் மணம்முடிக்கப் போதாது. இரண்டு வழிகளும் வெவ்வேறானவை. கனேடிய அதிகாரி கேட்பது நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புப் பத்திரத்தையே.

இரண்டாவது: அவரே முன்னர் ஒரு மனைவியால் ஸ்பொன்சர் செய்யப்பட்டுக் கனடா சென்றவரா? அப்படியாயின் அவர் நிரந்தர வதிவாளராகி 5 வருடங்கள் செல்லும்வரை வேறொரு துணையை அழைக்க முடியாது. முந்திய மனைவியை அவர் அழைத்திருந்தால், அந்த 3 வருடப் பொறுப்பு முடியும்வரையும் அழைக்க முடியாது.

மூன்றாவது: அவர் பிரசையா, நிரந்தர வதிவாளரா? அகதியாக ஏற்கப்பட்டு, இன்னும் பிரசையாகாதவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து இங்கு வந்து மணம்முடிப்பது ஆபத்தானது. தாய்நாட்டின் பாதுகாப்பை அவர் மீண்டும் நாடிக்கொண்டார் என்று கருதி, அகதி நிலையை முடிவுறுத்தக் கனேடிய அரசு விண்ணப்பிக்கலாம். 2012 டிசெம்பருக்குப் பின் இதனால் வதிவிட உரிமையே பறிபோகக்கூடும். இக்காரணத்தாலேயே பல குடும்பங்கள் இந்தியாவில் கலியாணத்தை வைக்கின்றன. அங்கு வைப்பதானால், அந்நாட்டுச் சட்டப்படி அது செல்லுபடியாக வேண்டும். உதாரணமாக, இந்தியாவின் 1954ஆம் ஆண்டு விசேட திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்ய, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்த பின்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார விடுமுறையில் வருபவர் இதனை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது: வெளிநாட்டுப் பிரசை ஒருவர் இலங்கையில் இலங்கையரை மணப்பதானால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டும் என்று பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை ஒன்று 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாப்பிள்ளை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் சென்று, அன்றைய தேவைகள் எவை, எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டறியுங்கள்.

ஐந்தாவது: திருமணத்தில் இருவரும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் சார்பில் மற்றொருவர் நின்றோ, தொலைபேசியிலோ, இணையத்திலோ நடந்த திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா ஏற்பதில்லை. இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருப்பதும் கட்டாயம்.

3. பெயரும் திகதியும்

கிராமத்து விண்ணப்பங்கள் இடறி விழும் முதற் கல் பெயர். எமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வரும், கலியாணத்தின் பின் கணவன் பெயர் பின்னால் வரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், பாடசாலைச் சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. ஞானஸ்நானப் பெயர் ஒரு பத்திரத்தில் உண்டு, மற்றதில் இல்லை. எமக்கு இவை யாவும் ஒரே பிள்ளை. அந்நிய அதிகாரிக்கோ நான்கு பேர்.

இதற்குச் செய்யவேண்டியவை:

அ) வீட்டிலுள்ள எல்லாப் பத்திரங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர் ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள். ஒரு கொப்பித் தாளில் வேறுபாடுகளை எழுதுங்கள்.

ஆ) பிறந்த திகதி பிழையாயின் அதனை உரிய பதிவாளர் மூலம் திருத்துவதே வழி. எழுத்துக்கூட்டல் மட்டும் வேறுபடுமாயின், இவர்கள் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து இணைக்கலாம்.

இ) கடவுச்சீட்டில் உள்ள பெயரே விண்ணப்பம் முழுவதிலும் வரவேண்டும். வேறு பெயர்கள் கேட்கப்படும் இடத்தில் மற்றைய எழுத்துக்கூட்டல்களையும் வீட்டுப் பெயரையும் எழுதுங்கள்.

ஈ) தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பை வாங்கும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அங்கே விழும் ஒரு பிழை முழுக் கோவையிலும் பரவும்.

யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பத்திரம் இழந்தோர் மனந்தளர வேண்டாம். பிறப்பு பதிவாகியிருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் புதிய பிரதி பெறலாம். பதிவே இல்லாதவர்கள் கலியாணம் பேசும்வரை காத்திராமல் இன்றே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

பொலிஸ் நற்சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். 18 வயதுக்குப் பின், கடந்த 10 வருடங்களுக்குள், 6 மாதங்கள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதனைக் கேட்பார்கள். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவரும் தமிழ்நாட்டு முகாமில் வாழ்ந்தவரும் இதனை முதலிலேயே கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பெறுவதற்கே அதிக நாள் செல்லும்.

4. எமது வழக்கத்தை அவர்களுக்கு விளங்க வைத்தல்

இதுவே இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி.

கனடாவில் வளர்ந்த ஓர் அதிகாரிக்குத் திருமணம் என்றால், இருவர் சந்தித்து, பழகி, விரும்பி, பின்னர் மணம்முடிப்பது. எமது ஊரிலோ பெரியம்மா பேச்சைத் தொடங்குவார், சாதகம் பார்க்கப்படும் அல்லது பங்குத்தந்தையிடம் விசாரிக்கப்படும், புகைப்படம் போய்வரும், மூன்று மாதம் தொலைபேசியில் கதைப்பார்கள், மாப்பிள்ளை வந்து பத்தாம் நாள் கலியாணம். பேசிச் செய்த திருமணம் என்பதற்காக எந்த அதிகாரியும் விண்ணப்பத்தை மறுக்க முடியாது. ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே ஏதாவது மாறாக இருந்தால் அவர் காரணம் கேட்பார். பெண் மாப்பிள்ளையைவிட மூத்தவள், மாப்பிள்ளை விவாகரத்தானவர், சமயம் வேறு, கலியாணத்துக்கு மாப்பிள்ளையின் பெற்றோர் வரவில்லை, பத்துப் பேரே கூடினர், மறுவாரமே மாப்பிள்ளை திரும்பிவிட்டார்: இவை ஒவ்வொன்றும் அவருடைய பேனையை நிறுத்தும்.

இவற்றுக்கு எல்லாம் எமக்குக் காரணம் தெரியும். தகப்பன் இருதய நோயாளி, அதனால் பயணம் செய்யவில்லை. வீட்டில் ஒரு மரணம் நடந்து ஆண்டு திரும்பாததால் கலியாணத்தைச் சிறிதாக வைத்தோம். வேலையில் மூன்று வாரமே லீவு கிடைத்தது. தெரிந்த காரணத்தை எழுதாமல் விடுவதே பிழை. கேட்கப்படுமுன்பே ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி, வைத்தியச் சான்றிதழ், மரண அத்தாட்சிப் பத்திரம், தொழில் கொடுப்போரின் கடிதம் என்று அதற்குரிய தாளையும் இணைக்க வேண்டும்.

குறிப்பாக 'எழுத்து' பற்றிய விளக்கம் தேவை. எமது பகுதிகளில் முதலில் பதிவுத் திருமணத்தை முடித்து, பல மாதங்களின் பின் கோவிலிலோ மண்டபத்திலோ கலியாணத்தை வைப்பவர்கள் உண்டு. இடைப்பட்ட காலத்தில் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், தம்பதியர் சேர்ந்து வாழ்வதில்லை. எமக்கு இது ஒழுக்கம். சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவன் மனைவி. அதிகாரியின் பார்வையிலோ, பதிவு செய்த அன்றே விண்ணப்பித்து, ஒருநாளும் சேர்ந்து வாழாத இருவர். பதிவு எது, சமயச் சடங்கு எது, எது எப்போது, ஏன் அப்படி என்பதை இருவரும் ஒரே விதமாக எழுத வேண்டும். இயலுமானால் இரண்டையும் ஒரே பயணத்தில் வைப்பது நல்லது.

உறவுக்குச் சான்றாக இணைப்பவை பலவாக இருப்பதிலும் பலவகையாக இருப்பதே மேல். ஒரே நாளில் ஸ்ரூடியோவில் எடுத்த நூறு படங்களைவிட, நிச்சயதார்த்தம், கலியாணம், உறவினர் வீட்டு விருந்து, பெண்ணின் அம்மம்மாவோடு மாப்பிள்ளை என்று வெவ்வேறு நாட்களில் எடுத்த சில படங்கள் அதிகம் பேசும். ஒவ்வொரு படத்தின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை எழுதுங்கள். தொலைபேசி உரையாடற் பதிவுகள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், விமானச் சீட்டுகள், கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகள் ஆகியவற்றைக் கலியாணம் பேசிய நாளிலிருந்தே சேர்த்துவையுங்கள். சரிபார்ப்புப் பட்டியல் குறிப்பிடும் அளவுக்கு மேல் அனுப்ப வேண்டாம்.

5. படிவங்களை நிரப்புதல்

ஸ்பொன்சர் செய்பவரின் விண்ணப்பமும் துணையின் வதிவிட விண்ணப்பமும் ஒன்றாகவே அனுப்பப்படும். 2022 முதல் இது பொதுவாக இணையத்தினூடாகவே நடைபெறுகிறது. படிவங்களுள் ஐ.எம்.எம். 5532 என்பதைக் கவனமாகப் பாருங்கள். உறவு பற்றிய படிவம் அதுவே. யார் அறிமுகம் செய்தார், முதலில் எப்போது கதைத்தீர்கள், எங்கே நேரில் சந்தித்தீர்கள், கலியாணத்துக்கு யார் யார் வந்தனர், வராத நெருங்கிய உறவினர் யார் என்றெல்லாம் அது கேட்கிறது.

இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம். மன்னாரில் பெண், ரொறன்ரோவில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் சித்தியும் பெண்ணின் தாயும் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். 'யார் அறிமுகம் செய்தார்?' என்பதற்கு மாப்பிள்ளை 'சித்தி' என்கிறார், பெண் 'அம்மாவின் சிநேகிதி' என்கிறாள். இருவரும் சொன்னது ஒரே ஆளைத்தான். தாளில் அது இரண்டு ஆள். இவ்வளவுதான் முரண்பாடு, ஆனால் இப்படி நான்கு சேர்ந்தால் சந்தேகமாகிவிடும்.

எனவே படிவத்தை நிரப்புமுன் இருவரும் தொலைபேசியில் அமர்ந்து, பேச்சுத் தொடங்கியது முதல் இன்றுவரை நடந்தவற்றைத் திகதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். பதிலை மனப்பாடம் செய்வதற்கான தாள் அல்ல இது. நடந்ததை நினைவுக்குக் கொண்டுவருவதற்கானது. ஞாபகமில்லாத திகதிக்கு 'ஏறத்தாழ' என்று எழுதலாம். கற்பித்து எழுதக்கூடாது. தொழில், வசிப்பிட விபரங்களில் மாத இடைவெளி விழாமலும் பாருங்கள். இடம்பெயர்ந்து நலன்புரி முகாமில் இருந்த காலமும் ஒரு முகவரியே. வீட்டில் சும்மா இருந்த காலமும் எழுதப்பட வேண்டிய காலமே.

6. மறைக்கத் தோன்றும் விடயங்கள்

முந்திய திருமணம், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, நோய், பிற நாட்டு விசா மறுப்பு, தடுப்புக் காவல். 'இதைச் சொன்னால் விசா கிடைக்காது, விட்டுவிடு' என்று அறிவுரை சொல்ல எமது ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவுரைக்கு விலை கொடுப்பவர் அவர்களல்லர்.

பிள்ளையை எடுத்துக்கொள்வோம். உடன் வராத பிள்ளையையும் பெயரிட்டு எழுதி, மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். மறைக்கப்பட்ட பிள்ளையைப் பின்னொரு நாள் தாய் கனடாவுக்கு அழைக்க முற்படும்போது, குடும்ப வகுப்பின் கீழ் அழைக்கும் உரிமை மறுக்கப்படலாம். சொல்லாமல் விட்ட ஒரு வரி, தாயையும் பிள்ளையையும் வாழ்நாளுக்குப் பிரிக்கக்கூடும்.

நோயை எடுத்துக்கொள்வோம். செலவுமிக்க நோய் என்பதற்காக விண்ணப்பத்தை மறுக்கும் விதி, ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன் மனைவிக்குப் பொருந்தாது. சிறுநீரக நோயாளியும் நீரிழிவு நோயாளியும் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. பொதுமக்களின் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தான நிலையே தடையாகும். பரிசோதனையை அந்த அரசின் பட்டியலிலுள்ள வைத்தியரிடம் மட்டுமே செய்விக்க வேண்டும்.

பிழையான தகவல் கொடுத்ததாகவோ மறைத்ததாகவோ முடிவானால், 2014 நவம்பருக்குப் பின் தடை 5 வருடம்; அதற்கு முன் 2 வருடமாக இருந்தது. உண்மையான திருமணம் செய்தவர்களுக்கும் இத்தடை உண்டு. உண்மையை ஒழுங்குபடுத்துங்கள், மாற்றாதீர்கள் என்பதே எமது ஒரே அறிவுரை.

இவ்விடத்தில் கடிதம் கொடுப்போருக்கும் ஒரு சொல். குருமார், கிராம அலுவலர், அதிபர், சமாதான நீதவான் ஆகியோரிடம் சான்றுக் கடிதம் கேட்டு வருவார்கள். தாம் கண்டதை, கண்ட திகதியோடு மட்டுமே எழுத வேண்டும். 'ஒரு திகதியைக் கொஞ்சம் முன்னுக்குப் போட்டுத் தாருங்கோ சுவாமி' என்ற வேண்டுகோளுக்கு இரங்குவது இரக்கமல்ல. அக்கடிதம் பொய்யென்று தெரிந்தால், அத்தம்பதியரின் உண்மையான தாள்களும் நம்பிக்கை இழக்கும். அதே கையெழுத்தோடு போகும் அடுத்த குடும்பத்தின் கடிதமும் இழக்கும்.

7. முகவர்கள்

கனடாவுக்கான விண்ணப்பத்தில் பணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை கூறவோ பிரதிநிதியாக நிற்கவோ உரிமையுள்ளவர்கள் அந்நாட்டுச் சட்டத்தரணிகளும், கியூபெக் நொத்தாரிசுகளும், அரசு அங்கீகரித்த குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவர்களுமே. உரிமம் பெற்றவரின் பெயரை இணையத்தில் சரிபார்க்கலாம். பணம் பெற்று உதவும் ஒருவர் 'என் பெயரைப் படிவத்தில் எழுத வேண்டாம்' என்று சொன்னால் அவரை விட்டு விலகுங்கள்.

கொழும்பில் விண்ணப்ப நிலையத்தில் விரலடையாளம் எடுப்பவர்களுக்கும் தாள்களை வாங்குபவர்களுக்கும் தீர்மானத்தில் எந்தப் பங்குமில்லை. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்பவர் பணத்தைத்தான் உள்ளே போடுகிறார். சாதாரணமான கோவையைத் தம்பதியர் தாமே தயாரிக்கலாம். முந்திய மறுப்பு, குற்றத் தீர்ப்பு, அகதி நிலைப் பிரச்சினை போன்ற சிக்கல் இருந்தால் உரிமமுள்ள சட்டத்தரணிக்குச் செலவழிப்பது தகும். யார் நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையது. வாசிக்காத தாளில் ஒப்பமிட வேண்டாம். ஆங்கிலம் தெரியாதவர், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்ட பின்னரே ஒப்பமிட வேண்டும்.

8. நேர்காணலும் மறுப்பும்

எல்லாரும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்பட்டால் அஞ்ச வேண்டாம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேள்வி விளங்காவிட்டால் 'விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று சொல்வது குற்றமல்ல. எமது பெண்பிள்ளைகள் பெரியவர் முன் தலைகுனிந்து 'ஓம்' என்று சொல்லிப் பழகியவர்கள். அங்கே விளங்காமல் சொல்லும் 'ஓம்' பதிலாக எழுதப்படும். கணவன் செய்யும் வேலை, வேலைநேரம், யாரோடு வசிக்கிறார், முந்திய திருமணம் ஏன் முறிந்தது என்பவை கேட்கப்படலாம். இவை பரீட்சைக்காகப் படிக்க வேண்டியவை அல்ல. கணவனும் மனைவியும் இயல்பாகவே அறிந்திருக்க வேண்டியவை.

சில வேளைகளில் அதிகாரி தமது சந்தேகத்தை எழுதி, குறித்த நாட்களுக்குள் பதில் கேட்பார். அக்கடிதம் மறுப்பு அல்ல, வாய்ப்பு. கேட்கப்பட்ட ஒவ்வொரு விடயத்துக்கும் சான்றோடு, தவணைக்குள் பதிலளிக்க வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள துணைக்கான குடும்ப வகுப்பு விண்ணப்பம் மறுக்கப்பட்டால், கனடாவிலுள்ள ஸ்பொன்சர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். அங்கு புதிய சான்றுகளையும் முன்வைக்கலாம். துணையும் தூரத்திலிருந்து சாட்சி சொல்லலாம். அதிகாரியின் உட்குறிப்புகளை, கனடாவிலிருந்து 5 டொலர் கட்டணத்துடன் தகவல் அறியும் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். மறுப்புக்கான காரணத்தை அறியாமல், அதே கோவையை மீண்டும் அனுப்புவது பணத்தையும் காலத்தையும் வீணாக்குவதாகும்.

9. காத்திருக்கும் காலம்

அதிக வேதனை இங்கேதான். கலியாணமான பெண் தாய் வீட்டில் இருக்கிறாள். 'இன்னும் விசா வரவில்லையா?' என்று கிணற்றடியிலும் கேட்கிறார்கள், கோவில் வாசலிலும் கேட்கிறார்கள். மாதங்கள் செல்லச் செல்ல, கேட்பதைவிடக் கேட்காமல் பார்ப்பது அதிகம் சுடும். தாமதத்துக்கு அவளுடைய ராசியும் காரணமல்ல, சீதனமும் காரணமல்ல. வரிசை நீளம். அயலவர்கள் இதனை உணர்ந்து நடந்தால் அதுவே பேருதவி.

இக்காலத்தில் மொழி கற்கலாம், தையலோ கணினியோ பழகலாம். இயலுமானால் கணவன் மீண்டும் வந்துபோவது குடும்ப வாழ்வுக்கும் நல்லது, கோவைக்கும் நல்லது. முகவரி மாறினாலும், கடவுச்சீட்டுப் புதுப்பித்தாலும், பிள்ளை பிறந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும். குடியுரிமை பெற்ற ஒருவருக்கு அதன் பின்னர் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை பொதுவாகப் பிறப்பிலேயே கனேடியப் பிரசை. அப்பிள்ளைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் பெறவேண்டும். தகப்பன் வதிவாளர் மட்டுமாயின், பிள்ளையையும் தாயின் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்.

அங்கு சென்ற பின் ஒன்றை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். 2012 ஒக்ரோபர் முதல் 2017 ஏப்ரல் வரை, புதிதாக மணம்முடித்துச் செல்லும் துணை 2 வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை கனடாவில் இருந்தது. அது நீக்கப்பட்டுவிட்டது. இன்று நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததும் அது அவளுடைய சொந்த உரிமை. 'பொலிசுக்குச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்று கணவன் மிரட்டினால் அது பொய். உண்மையாக மணம்முடித்துச் சென்றவள் அடி உதைக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியேறினால் அவளுடைய வதிவிட உரிமை பறிபோவதில்லை. அவசர தொலைபேசி இலக்கம் 911. இதனைத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

10. பிரித்தானியாவும் ஜேர்மனியும்

பிரித்தானியாவில் வருமானம் முக்கியம். 2012 ஜூலையில் வருடத்துக்கு 18,600 பவுண் என்று வைக்கப்பட்ட எல்லை, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாக உயர்ந்தது. விண்ணப்பிக்கும் துணை ஏ1 தரத்தில் ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் வேண்டும். இலங்கையிலிருந்து செல்வோருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். முதல் விசா 33 மாதங்களுக்கே. அதன் பின் நீடிக்க வேண்டும். அதாவது கனடாவைப் போலன்றி, பல வருடங்களுக்கு அவ்வுரிமை திருமணத்தைச் சார்ந்தே நிற்கும். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தனியான வழி உண்டு.

ஜேர்மனி 2007 ஓகஸ்ட் முதல், சில விதிவிலக்குகள் தவிர, புறப்படுமுன்பே ஏ1 தர ஜேர்மன் மொழித் தேர்ச்சியைக் கேட்கிறது. கொழும்பு கேத்தே நிறுவனத்தில் அப்பரீட்சை நடைபெறுகிறது. மொழிப் பரீட்சை கேட்கும் நாட்டுக்குச் செல்பவர் கலியாண நாளுக்குக் காத்திராமல், பேச்சு உறுதியானதுமே வகுப்பைத் தொடங்கினால் பல மாதங்கள் மிச்சமாகும்.

எந்த நாடாயினும் அடிப்படை ஒன்றே. தூர தேசத்து அதிகாரி எமது பகைவர் அல்லர், எமது சொந்தக்காரரும் அல்லர். தாளில் கண்டதை நம்ப முயலும் ஓர் அந்நியர். அவர் கேட்பதற்கு முன்பே, நடந்ததை நடந்தபடி, ஒழுங்காகச் சொல்லிவிடுவது தம்பதியரின் கையில் இருக்கிறது.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் பிறப்பு, திருமணப் பத்திரங்கள் இல்லாத குடும்பங்கள் எத்தனை? அவற்றைப் பெற எமது சங்கம் என்ன உதவி செய்யலாம்?

2. வெளிநாட்டுச் சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டார் கேட்கத் தயங்கும் கேள்விகள் எவை? ஏன் தயங்குகிறோம்?

3. எமது திருமண வழக்கங்களுள் வெளியாருக்கு விளங்காதவை எவை? அவற்றில் ஒன்றை, எமது ஊரை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி பத்து வரிகளில் எழுதிப் பாருங்கள்.

4. விசாவுக்காகக் காத்திருக்கும் பெண்கள் எமது ஊரில் எப்படி நடத்தப்படுகிறார்கள்? அவர்களுக்குத் துணையாக நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பேச்சும் பழக்கமும் எவை?